ஸ்லாலம் ஸ்கேட்போர்டிங்: சாலை, சக்கரம், பலகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லாலம் என்பது எது? வழக்கமான ஸ்கேட்போர்டிங்கிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

வரிசையாக நிறுத்திய கூம்புகளுக்கு இடையே, ஒன்றை இடப்புறமாகவும் அடுத்ததை வலப்புறமாகவும் கடந்து, கூடியவரை எதையும் தட்டாமல், குறைந்த நேரத்தில் ஓட்டி முடிப்பதே ஸ்லாலம். பனிச்சறுக்கில் ஏற்கனவே இருந்த பந்தயத்தின் பெயரும் முறையும் 1960களில் சக்கரப் பலகைக்கு வந்தன. பலகையோடு எம்பிக் குதிப்பதும் கம்பியின் மேல் சறுக்குவதும் இதில் கிடையாது. நான்கு சக்கரங்களும் தரையிலேயே இருக்கின்றன, திறமை முழுவதும் வளைவில் இருக்கிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாக இடம்பெற்றபோது ஸ்ட்ரீட், பார்க் என்ற இரண்டு பிரிவுகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. ஸ்லாலம் அதில் இல்லாததால்தான் நம்மில் பலர் இதைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்ததில்லை.

கூம்புகளுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்து இதில் வகைகள் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில் நேர்க்கோட்டில் வைப்பது டைட் ஸ்லாலம். மூன்று மீட்டரும் அதற்கு மேலும் விட்டு, கூம்புகளைப் பக்கவாட்டிலும் தள்ளி வைத்து, வேகமாக இறங்குவது ஜயன்ட் ஸ்லாலம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை ஹைபிரிட் என்கிறார்கள். தொடங்குபவர்களுக்கு ஏற்றது இரண்டு மீட்டர் இடைவெளிதான்.

எந்தப் பலகை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் சாலையைத் தேடச் சொல்கிறீர்களே, ஏன்?

இந்த விளையாட்டு வளர்ந்த விதமே அப்படித்தான். தென் கலிஃபோர்னியாவில், சான் டியாகோவுக்கு வடக்கே, கார்ல்ஸ்பாட் நகரை ஒட்டி லா கோஸ்டா என்ற பகுதி இருக்கிறது. 1970களின் நடுவில் அங்கே குடியிருப்புக்காக மனை பிரித்து, குன்றுச் சரிவில் வழவழப்பான தார்ச்சாலைகளைப் போட்டு முடித்திருந்தார்கள். வீடுகள் மட்டும் இன்னும் எழும்பவில்லை. வண்டி வராத, குப்பை விழாத, கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்து கிடந்த அந்தச் சாலைகளில்தான் ஹென்றி ஹெஸ்டர், பாபி பியர்சி போன்ற பந்தய வீரர்கள் வாராவாரம் கூம்பு வைத்துப் பழகினார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், அங்கிருந்து சிறிது தெற்கே உள்ள என்சினிடாஸில், ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சக்கரங்களை ஸ்கேட்போர்டில் பொருத்திக் கேடிலாக் என்ற பெயரில் விற்கத் தொடங்கியிருந்தார். அதற்கு முன் புழங்கியவை உலோகச் சக்கரங்களும், களிமண் சக்கரம் என்று பேச்சுவழக்கில் அழைக்கப்பட்ட கலவைச் சக்கரங்களும். அவை ஒரு சிறு கல்லில் பட்டாலே நின்றுவிடும், வளைவில் வழுக்கிவிடும். பிடிமானமுள்ள சக்கரமும் ஆளில்லாத நல்ல சாலையும் ஒரே வட்டாரத்தில் ஒரே காலத்தில் கிடைத்ததுதான் ஸ்லாலத்தை வளர்த்தது. பலகையின் வடிவமும், சக்கரங்களின் அச்சைத் தாங்கும் ட்ரக்கின் அளவும் அதன் பிறகே ஒவ்வொன்றாகத் திருந்தின.

ஆகவே, சாலை முதலில், சக்கரம் அடுத்து, ட்ரக் அதற்கடுத்து, பலகை கடைசியில் என்ற வரிசையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் சாலை சமதளமா, சரிவா, வழவழப்பா, சொரசொரப்பா என்று தெரியாமல் வாங்கும் கருவி பாதிக்குப் பாதி வீணாகும்.

நல்ல பயிற்சிச் சாலையை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள், பிறகு குனிந்து உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். சல்லி கையோடு பெயர்ந்து வந்தால் அந்தச் சாலை வேண்டாம். மெல்லிய சல்லி கலந்து நன்றாக உருட்டப்பட்ட தார்ப்பரப்பே மிகச் சிறந்தது. சிமென்ட் சாலையிலும் பழகலாம். ஆனால் வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் கீறிவிட்ட வரிகளும், சில மீட்டருக்கு ஒருமுறை வரும் இணைப்பு வெட்டுகளும் சக்கரத்தை உதறச் செய்யும். பேவர் பிளாக் பதித்த தரை எந்த விதத்திலும் உதவாது.

சரிவை அளக்கக் கொத்தனாரின் ரசமட்டமும் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையும் போதும். கட்டையைச் சாலையின் நீளவாக்கில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவில் நிற்கும் வரை மெல்ல உயர்த்துங்கள். அந்த முனைக்கும் சாலைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறதோ அத்தனை சதவீதம் சரிவு. 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் கற்றுக்கொள்பவருக்குப் போதுமானது. சும்மா நின்று பார்த்தால் 3 சதவீதச் சரிவு சமதளம் போலவே தோன்றும். கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

கடைசிக் கூம்புக்கு அப்பால் குறைந்தது 30 மீட்டராவது சமதளமாகவோ, சற்று ஏற்றமாகவோ இருக்க வேண்டும். இதை நான் எந்தச் சூழலிலும் விட்டுக்கொடுப்பதில்லை. மேலே எவ்வளவு நல்ல சாலையாக இருந்தாலும், கீழே குறுக்குச் சாலையோ வடிகாலோ இருந்தால் அங்கே பழகக் கூடாது.

தமிழ்நாட்டில் எங்கே தேடலாம்?

லா கோஸ்டாவில் இருந்தது போன்ற இடம் நம் ஊர்களின் விளிம்பிலும் இருக்கிறது. பிளாட் போட்டு, சாலை அமைத்து, எல்லைக்கல் நட்டு, இன்னும் யாரும் வீடு கட்டாத புதிய மனைப்பிரிவுகளைத்தான் சொல்கிறேன். எல்லா மனைப்பிரிவிலும் தார் நன்றாக இருக்காது. பத்தில் ஒன்றில் இருந்தாலும் உங்களுக்கு அது போதும். உரிமையாளரிடமோ, வாயிலில் இருக்கும் காவலாளியிடமோ முன்கூட்டியே பேசி, கூம்பை எடுத்துக் காட்டி, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கி அனுமதி பெறுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை என்பது என் அனுபவம். அறுவடைக் காலத்தில் இதே சாலைகளில் நெல்லும் உளுந்தும் காயும். அந்த வாரங்களில் சாலை விவசாயிகளுடையது, நாம் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும் அலுவலக வளாகங்களின் உட்சாலைகள், கல்லூரிகளின் வண்டி நிறுத்துமிடங்கள், பெரிய திருமண மண்டபங்களின் முன்வெளி ஆகியவையும் பயன்படும். முகூர்த்த நாள்களில் மண்டபத்தை நினைத்துப் பார்க்க வேண்டாம்.

மாமல்லபுரம், கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கோடு சேர்ந்து வளர்ந்த ஸ்கேட்போர்டிங் பெரும்பாலும் சரிவு மேடைகளையும் கிண்ணங்களையும் சார்ந்தது. பலகைமேல் நிற்கப் பழகவும், தோழமைக்கும் அங்கே செல்வது நல்லது. கூம்பு வைக்க அங்கே நீளம் போதாது. ரோலர் ஸ்கேட்டிங் வளையங்களில் பழகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அங்கே காலையில் பிள்ளைகள் 80 செ.மீ. இடைவெளியில் சிறு கூம்புகளை வைத்து இன்லைன் ஸ்லாலம் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளியில் பலகையை வளைக்கவே இயலாது. பயிற்சியாளர் இசைந்து வளையத்தின் நடுப்பகுதியைத் தந்தால், சமதளப் பயிற்சிக்கு அதைவிட வழவழப்பான தரை நம் ஊரில் கிடைப்பது அரிது.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மலைச்சாலைகளில் பழகலாமா?

கூடாது. அவை பேருந்தும் லாரியும் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொதுச் சாலைகள்.

எங்கள் ஊரில் சரிவே இல்லை. சமதளத்தில் ஸ்லாலம் கற்க முடியுமா?

முடியும் என்பது மட்டுமல்ல, சமதளத்தில் கற்றவர்களே பின்னாளில் சரிவிலும் நன்றாக ஓட்டுகிறார்கள். ஊஞ்சலில் நிற்கும் குழந்தை, யாரும் தள்ளாமலேயே முழங்காலை மடக்கி நிமிர்த்தி உந்தி ஆடுவதை நினைத்துப் பாருங்கள். வளைவின் தொடக்கத்தில் உடலைத் தாழ்த்தி, வளைவினூடே பலகையை அழுத்தி, அடுத்த வளைவுக்குள் எடையை மாற்றும்போது வேகம் குறையாமல் ஏறும். இதைப் பம்பிங் என்கிறார்கள். காலால் தரையை உதைக்காமல், ஒரே ஓட்டத்தில் இருபது கூம்புகளைக் கடக்க முடிந்தால் அடிப்படை வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நிற்கும் முறையும் இதற்கு முக்கியம். முன்பாதம் பாதிக்கு மேல் முன்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும். பின்பாதம் அதற்கு அருகிலேயே, குதிகால் சற்று எழும்பியபடி இருக்க வேண்டும். தோள்கள் சாலையைப் பார்த்து நிற்க, இடுப்புக்குக் கீழே மட்டும் வேலை நடக்க வேண்டும். கூம்பை அடைந்த பிறகு வளைக்கத் தொடங்கினால் அடுத்த கூம்புக்குக் கட்டாயம் தாமதமாகும். கூம்புக்கு முன்பாகவே வளைவை முடித்துவிடப் பழகுங்கள்.

கையில் இருக்கும் சாதாரண ஸ்கேட்போர்டை இதற்குப் பயன்படுத்தலாமா?

தொடங்குவதற்குப் பயன்படுத்தலாம். நம் கடைகளில் கிடைக்கும் 31 அங்குல மேப்பிள் பலகையில் வழக்கமாக 52 மி.மீ. அளவில் மிகக் கடினமான சக்கரங்கள் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு 60 முதல் 65 மி.மீ. மென்சக்கரங்களைப் போட்டாலே வேறு பலகை போல ஓடும். ஆனால் சக்கரம் பெரிதானால் பலகையின் அடிப்பகுதியில் உரசும் ஆபத்து வருகிறது. வளைக்கும்போது சக்கரம் பலகையில் கடித்துக்கொண்டால் பலகை அப்படியே நிற்கும், நாம் முன்னால் போய் விழுவோம். இதைத் தவிர்க்க ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ரைசர் பேட் எனப்படும் தடித்த தகட்டையும், அதற்கேற்ப நீளமான போல்ட்டுகளையும் போட வேண்டும். பிறகு பலகைமேல் ஏறி ஒரு பக்கமாக முழு எடையையும் சாய்த்து நில்லுங்கள். இன்னொருவர் சக்கரத்துக்கும் பலகைக்கும் இடையில் ஒரு தபால் அட்டையை நுழைத்துப் பார்க்கட்டும். அட்டை தடையில்லாமல் போய் வந்தால்தான் ஓட்டலாம்.

22 அங்குலப் பிளாஸ்டிக் பலகைகளில் சக்கரம் மென்மையாகவே இருக்கும். பாதம் வைக்கத்தான் இடம் போதாது. இரண்டே சக்கரங்களில் முறுக்கி ஓட்டும் பலகைகள் வேறு விளையாட்டுக்கானவை.

சக்கரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். பார்க்க வேண்டியவை விட்டம், கடினம், விளிம்பு ஆகிய மூன்றும்.

விட்டம் 65 முதல் 75 மி.மீ. வரை இருக்கலாம். டைட் ஸ்லாலத்துக்குச் சிறியதும், வேகமான ஜயன்டுக்குப் பெரியதும் பொருந்தும். கடினத்தை 78ஏ, 82ஏ, 86ஏ என்ற எண்களால் குறிக்கிறார்கள். எண் கூடக் கூடச் சக்கரம் கடினம். வழவழப்பான தாரில் 80 முதல் 86 வரையும், சொரசொரப்பான சாலையில் 78 அல்லது 80உம் சரியாக இருக்கும். பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட ஓரிரு படி மென்மையாக வைப்பது பந்தய வீரர்களின் வழக்கம். முன்பக்கம் சற்று வழுக்கினால் சமாளித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் பலகை பக்கவாட்டில் திரும்பி ஆளைத் தள்ளிவிடும். விளிம்பு உருண்டையாக இல்லாமல் கூர்மையாக இருந்தால் வளைவில் பிடிக்கும். உருண்ட விளிம்புள்ள சக்கரங்கள் சறுக்குவதற்கென்றே செய்யப்பட்டவை.

அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம். நான் இணையத்தில் முதன்முதலில் வாங்கிய சக்கரங்களின் மேல் 78ஏ என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. கட்டைவிரல் நகத்தை ஊன்றினேன், இறங்கவே இல்லை. இடுப்பளவு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டேன். முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பாமல் டக்கென்று ஒலித்து உருண்டு போனது. நல்ல மென் யூரித்தேனில் நகம் சற்று அமுங்கும், தரையில் போட்டால் பந்து போலத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் சொரசொரப்பான சாலையிலும் வேகத்தைக் காக்கிறது. கடையில் நேரில் வாங்கினால் இந்த இரண்டையும் செய்து பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ட்ரக் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கலாமா?

சக்கரங்களின் அச்சைத் தாங்கி, நாம் சாயும் பக்கம் திரும்பும் உலோகப் பகுதிதான் ட்ரக். 1975இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டிராக்கர் நிறுவனத்தின் அகலமான, உறுதியான ட்ரக்குகள் வந்தபோது வீரர்களுக்கு நிலைத்தன்மை கிடைத்தது. இன்று ஸ்லாலத்துக்கு மட்டும் மறுபடி குறுகியவற்றையே விரும்புகிறார்கள். சக்கரம் மாட்டும் அச்சை விட்டுவிட்டு நடுப்பகுதி ஏறத்தாழ 105 முதல் 130 மி.மீ. அகலத்தில் இருந்தால் பலகை விரைவாகத் திரும்பும், கூம்புக்கு நெருக்கமாகவும் போகலாம்.

முன் ட்ரக் அதிகமாகவும் பின் ட்ரக் குறைவாகவும் திரும்ப வேண்டும். ஸ்லாலப் பலகையைச் சாதாரணப் பலகையிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த வேறுபாடுதான். முன் ட்ரக் வழிகாட்டுகிறது, பின் ட்ரக் தரையைப் பிடித்துக்கொண்டு உந்துதலைத் தாங்குகிறது. இரண்டும் ஒரே அளவு திரும்பினால் வேகம் ஏறியதும் பின்பக்கம் அலையத் தொடங்கும்.

தனி ட்ரக் வாங்காமலேயே இதைச் செய்ய ஆப்பு வடிவத் தகடுகள் கிடைக்கின்றன. ட்ரக்கின் நடுவில் புஷ் எனப்படும் ரப்பர் போன்ற வளையங்களைக் கோத்து நிற்கும் பெரிய போல்ட்டுக்குக் கிங்பின் என்று பெயர். சாதாரண ஸ்கேட்போர்டு ட்ரக்கில், ஆப்பின் தடித்த பக்கம் கிங்பின் இருக்கும் திசையில் வந்தால் ட்ரக் அதிகமாகத் திரும்பும். அதற்கு எதிர்த்திசையில் வந்தால் குறைவாகத் திரும்பும். முன்னால் ஒருவிதமாகவும் பின்னால் மறுவிதமாகவும் வையுங்கள். 5 முதல் 10 பாகை ஆப்புகளே கண்கூடான மாற்றத்தைத் தரும்.

புஷ்களும் கடின எண்ணோடு வருபவைதான். 60 கிலோவுக்குக் கீழ் எடையுள்ளவர் 80ஏ அளவிலும், 80 கிலோவை ஒட்டியவர் 88ஏ, 90ஏ அளவிலும் தொடங்கிப் பார்க்கலாம். பின்னால் ஒரு படி கடினமானதைப் போடலாம். பலகை ஆடுகிறது என்பதற்காகக் கிங்பின் நட்டை, புஷ் பிதுங்கும் வரை இறுக்குவதுதான் தொடக்கக்காரர்கள் பெரும்பாலோர் செய்யும் தவறு. இறுக்குவதை விட்டுவிட்டுக் கடினமான புஷ்ஷை வாங்குங்கள். நம் ஊர் ஸ்பேனர் செட்டில் 13 எண் சக்கர நட்டுக்கு ஏறத்தாழப் பொருந்தும்; கிங்பின்னின் 9/16 அங்குல நட்டுக்கு 14 நுழையாது, 15 தளர்ந்து நட்டின் முனையைத் தின்றுவிடும். அதற்கென்று விற்கும் டி வடிவ ஸ்கேட் டூல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

பலகை எப்படி இருக்க வேண்டும்?

நீளம் 28 முதல் 36 அங்குலம் வரை இருக்கலாம்; அகலம் எட்டு அங்குலத்தை ஒட்டி இருந்தால் போதும். முன் பின் ட்ரக்குகளுக்கு இடையிலான தூரம் டைட் ஸ்லாலத்தில் 16 முதல் 19 அங்குலமும், ஜயன்டில் 20க்கு மேலும் இருப்பது வழக்கம். ஏறி நின்றால் சற்றே அமுங்கி, எடையை எடுத்ததும் எழும்பும் வில்தன்மை பம்பிங்குக்கு உதவும். 1970களில் பாபி டர்னர் செய்த சம்மர்ஸ்கி பலகைகளும், அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த கார்டன் அண்ட் ஸ்மித் நிறுவனத்தின் ஃபைபர்ஃபிளெக்ஸ் பலகைகளும் கண்ணாடி இழையைக் கொண்டு இந்த வில்தன்மையைக் கொண்டுவந்தன. இன்று மேப்பிள், மூங்கில், கார்பன் இழை என எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. முதல் ஆண்டில் எந்தப் பலகையானாலும் சரி, மேலே ஒட்டும் உப்புத்தாள் போன்ற கிரிப் டேப் மட்டும் சொரசொரப்பாக இருக்கட்டும்.

பேரிங்?

உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. உள்ள 608 என்ற எண் பேரிங்தான் எல்லா ஸ்கேட்போர்டிலும் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு விற்கும் சாதாரணப் பேரிங் கடையிலேயே, இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ள 608-2ஆர்எஸ் கேட்டு வாங்கலாம். ஏபெக் எண் உற்பத்தியின் துல்லியத்தைக் குறிப்பது. அது கூடினால் வேகம் கூடும் என்று கருதிக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்?

தலைக்கவசம், முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, உள்ளங்கையில் கெட்டியான பிளாஸ்டிக் பதித்த கையுறை ஆகிய நான்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். தலைக்கவசத்தின் உட்புறம் இ.என். 1078 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப்1492 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு ஆனி மாதக் காலையில், நான்கு மாதங்களாகப் பழகிய சாலைதானே என்று பெருக்காமல் இறங்கினேன். மூன்றாவது கூம்பைத் தாண்டும்போது முன்சக்கரத்தின் கீழ் ஒரு வேப்பங்கொட்டை நறுக்கென்று நொறுங்கிய ஒலி கேட்டது. அடுத்த கணம் இரண்டு கைகளையும் ஊன்றிக் கிடந்தேன். கையுறையின் பிளாஸ்டிக்கில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது, கையில் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து கூம்புப் பையோடு ஒரு தென்னந்துடைப்பமும் வருகிறது. ஓடுபாதையை முழுவதும், கடைசிக் கூம்புக்கு அப்பாலும், பெருக்கிவிட்டே தொடங்குங்கள்.

கூம்புகளை எங்கே வாங்குவது, எப்படி வைப்பது?

விளையாட்டுப் பொருள் கடைகளில் கால்பந்துப் பயிற்சிக்கு விற்கும் மென்மையான பிளாஸ்டிக் கூம்புகள் போதும். சக்கரம் ஏறினால் நசுங்கக்கூடியதாக இருக்க வேண்டும். செங்கல், கல், பாட்டில் ஆகியவற்றை ஒருபோதும் வைக்காதீர்கள். தட்டு போன்ற தட்டையான குறிகளும் வேண்டாம், அவற்றின்மேல் சக்கரம் வழுக்கும்.

அளவு நாடாவை நீட்டி, இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளியாகச் சாக்பீஸால் குறித்து, பன்னிரண்டு கூம்புகள் வையுங்கள். எல்லாவற்றையும் தட்டாமல் பத்து முறை ஓடிய பிறகு இடைவெளியை ஒவ்வொரு முறையும் பத்து சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டே வரலாம்.

வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் என்ன செய்வது?

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நண்பகல் வெயிலில் தார் இளகும், சக்கரமும் மென்மையாகி வேகத்தை இழுத்துப் பிடிக்கும், விழுந்தால் தோல் வெந்துபோகும். ஈரச் சாலையில் யூரித்தேனுக்குப் பிடிமானமே இல்லை. மழை நின்று, சாலையின் விரிசல்களுக்குள்ளும் ஈரம் காய்ந்த பிறகே இறங்குங்கள். தப்பித்தவறி நனைந்துவிட்டால் அன்றே பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து ஓரிரு துளி எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் துரு பிடித்திருக்கும்.

நேரத்தை எப்படி அளப்பது?

கைக்கடிகாரத்தை அழுத்தி அளப்பதில் பிழை அதிகம். கைபேசியை ஓடுபாதையின் பக்கவாட்டில், முதல் கூம்பும் கடைசிக் கூம்பும் படத்துக்குள் வருமாறு அசையாமல் நிறுத்தி, நொடிக்கு 60 படங்கள் எடுக்கும் அமைப்பில் பதிவு செய்யுங்கள். முன்சக்கரம் முதல் கூம்பைக் கடக்கும் படத்திலிருந்து கடைசிக் கூம்பைக் கடக்கும் படம் வரை எண்ணி 60ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். பல போட்டிகளில் சாய்ந்த ஒவ்வொரு கூம்புக்கும் 0.1 நொடி தண்டமாகக் கூட்டப்படுகிறது. பயிற்சியிலும் அதையே கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி, சாலை, இடைவெளி, சக்கரம், நேரம், சாய்ந்த கூம்புகள் என்று எழுதி வந்தால், புதிய சக்கரம் உண்மையில் உதவியதா இல்லையா என்பதை இரண்டு மாதங்களில் அந்தப் பக்கங்களிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.